எக்ஸ்31 வேண்டாம் என்ற மின்னஞ்சலுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மருத்துவக் கோடிங் நிறுவனத்தின் தரப் பிரிவுத் தலைவருக்கும் ஆடிட் குழுப் பொறுப்பாளர்களுக்கும்,

போன வாரம் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் மூன்றே வரிகள். வரும் குளிர்காலம் முதல், காப்பீட்டு நிறுவனம் போன்ற பணம் தருபவர் கட்டாயம் என்று கேட்டாலொழிய, காயம் எதனால், எங்கே வந்தது என்று சொல்லும் வெளிக்காரணக் குறியீடுகளைச் சேர்க்க வேண்டாம்; வழிகாட்டியிலும் தேசியக் கட்டாயம் இல்லை. எக்ஸ்31 (இயற்கைக் குளிர்), ஒய்92 (நடந்த இடம்), ஒய்99 (வேலை நிலை) எதற்கும் நேரம் செலவிட வேண்டாம். பனிக்கடியின் (ஃப்ராஸ்ட்பைட், குளிரில் உறைந்து திசு கெடுவது) ஆழம் கேட்டு டாக்டர்களுக்கு அனுப்பும் குவெரிகள், அதாவது விளக்கக் கேள்விகள், இனி ‘பயன் குறைந்தவை’ பட்டியலில் சேரும். படித்துவிட்டு டீம் லீடிடம் போய்க் கேட்டேன். “மேலே முடிவு பண்ணிட்டாங்க” என்றார். அந்த மேலே இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உள்ளுக்குள் அனுப்பிய இரண்டு அஞ்சல்களுக்கும் பதில் வராததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் பனி விழுந்து பார்த்தவள் இல்லை. ஒன்பது குளிர்காலங்களாக அமெரிக்க வட மாநிலங்களின் அவசரப் பிரிவுச் சார்ட்டுகளை, அதாவது நோயாளிப் பதிவுகளைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் பில்லில் போகும் குறியீடுகளைப் போட்டு வருகிறேன், அவ்வளவுதான். நவம்பர் கடைசியில் ஒர்க்லிஸ்டின் முகமே மாறிவிடும். அதுவரை இடுப்பு முறிவும் கார் விபத்துமாக இருந்த இடத்தில் கால்விரல்கள் வரும், காது மடல்கள் வரும், நாடித்துடிப்பு நாற்பதுக்கு இறங்கிய மனிதர்கள் வருவார்கள். டாக்டர் அவர்களைச் சில நிமிடங்கள் பார்த்திருப்பார். நர்ஸ் ஒரு ஷிப்ட் பார்த்திருப்பார். ஆம்புலன்ஸ் தாள், நர்ஸ் குறிப்பு, சமூகப் பணியாளர் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி என்று எல்லாவற்றையும் ஒரே இருப்பில் முதலிலிருந்து கடைசிவரை படிப்பது பெரும்பாலும் கோடர் ஒருவர்தான். அந்த ஆள் எங்கே கிடந்தார், ஏன் கிடந்தார் என்பது முழுதாகத் தெரிந்தவர் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லாத சார்ட்டுகள் எத்தனையோ உண்டு. தெரிந்ததை எழுதாதே என்கிறது உங்கள் மின்னஞ்சல்.

ஒரு சார்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதவில்லை, சின்ன விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கார் நிறுத்துமிடத்தில் விழுந்து கிடந்தவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வாயில் மது வாடை. மலக்குடல் வழி பார்த்த உடல் வெப்பம் 86.2 ஃபாரன்ஹீட் என்று நர்ஸ் எழுதியிருந்தார். செல்சியஸில் 30 சொச்சம். உடலின் உள்வெப்பம் 35-க்குக் கீழே போனாலே ஹைப்போதெர்மியா, 32-க்குக் கீழே மிதமானது, 28-க்குக் கீழே கடுமையானது என்பது நமக்கெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்த பாடம். வெப்பக் காற்றுப் போர்வை போட்டிருந்தார்கள், சூடாக்கிய சலைன் ஏற்றியிருந்தார்கள். உடல் விறைத்தவர்களின் ஈசிஜியில் வரும் ஆஸ்போர்ன் அலை தெரிந்ததாகவும் ஒரு வரி இருந்தது. ஓர் இரவு அப்சர்வேஷனில் வைத்துக் காலையில் அனுப்பிவிட்டார்கள். டாக்டரின் கடைசிக் குறிப்பு இவ்வளவுதான்: மது போதை, விழுந்து கிடந்தார், சூடேற்றப்பட்டார், நிலை சீர்.

ஹைப்போதெர்மியா என்ற சொல் சார்ட்டில் எங்குமே இல்லை.

எண்ணைப் பார்த்துக் கோடர் நோயை எழுதக் கூடாது. அது டாக்டர் எழுத வேண்டியது. இந்த விதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்குத்தான் குவெரி இருக்கிறது. அனுப்பினேன். பில்லை நிறுத்திவைக்க எங்களுக்கு அனுமதி மூன்று நாள். பதில் ஆறாம் நாள் வந்தது: ஆம், வெளிக்குளிரால் ஏற்பட்ட ஹைப்போதெர்மியா. அதற்குள் பில் போய்விட்டது. திருத்தி அனுப்பலாமா என்று கேட்டேன். வெளிநோயாளிக் கணக்கு, தொகை மாறாது, விடுங்கள் என்றார்கள். ஆகவே அந்த நாட்டின் எந்தக் கணக்கிலும் அந்த மனிதர் குளிரில் விறைத்தவர் இல்லை. குடித்துவிட்டு விழுந்தவர் மட்டுமே.

மூன்று வாரம் கழித்து அதே ஆள் வலது கால்விரல்களோடு திரும்பி வந்தார். ‘வலது கால்விரல்களில் ஃப்ராஸ்ட்பைட்’ என்று டாக்டர் எழுதியிருந்தார். எந்த ஆழம் என்று எழுதவில்லை. இந்த இடம் உங்களுக்கும் தெரியும், ஆனாலும் வெளியே படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஐசிடி-10-சிஎம் என்னும் அமெரிக்க நோய்க் குறியீட்டுப் புத்தகத்தின் அகரவரிசையில் ஃப்ராஸ்ட்பைட் என்று மட்டும் தேடினால் அது நம்மை டி33-இல் (ஆங்கில T) கொண்டுபோய் விடும். டி33 என்பது மேலோட்டமான பனிக்கடி. திசு செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னால்தான் டி34. அதாவது டாக்டர் ஒரு சொல்லை விட்டால் புத்தகம் அதை லேசான காயமாகவே எடுத்துக்கொள்ளும். பாத மருத்துவர் தன் குறிப்பில் ‘உலர் கேங்கிரீன், எல்லைக்கோடு தெளிவாகிவிட்டது’ என்று எழுதியிருந்தார். செத்த திசு இல்லாமல் கேங்கிரீன் ஏது என்று நினைத்து, வலது கால்விரல்களில் திசு செத்த பனிக்கடிக்கான டி34.831 போட்டேன். ஆடிட்டில் எர்ரர் விழுந்தது. ‘நெக்ரோசிஸ் (திசு சாவு) என்று டாக்டர் எழுதவில்லை, பனிக்கடியோடு அதை இணைக்கவும் இல்லை.’

ஆடிட்டர் சொன்னது விதிப்படி சரி. நான் குவெரி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாததற்குக் காரணம், அந்த வாரம் என் பெயரில் ஏற்கெனவே நான்கு குவெரிகள் பதிலில்லாமல் நின்றன, டார்கெட்டும் குறைந்திருந்தது. டி33 என்று திருத்தினார்கள். அதே வருகையில் விரல்களை எடுத்தார்கள். இன்று அந்தக் கணக்கைத் திறந்தால் இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்: மேலோட்டமான பனிக்கடி; கால்விரல்கள் துண்டிப்பு. இதைப் படிக்கும் எவருக்கும், ஒன்று அந்த அறுவை மருத்துவர் தேவையில்லாமல் விரலை எடுத்துவிட்டார் என்று தோன்றும், இல்லையென்றால் நமக்குப் படிக்கத் தெரியவில்லை என்று தோன்றும்.

டாக்டர்கள் மேல் மொத்தப் பழியையும் போட நான் தயாரில்லை. பனிக்கடியின் ஆழம் முதல் நாளில் தெரியாது. உறைந்த பாதத்தை 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் கொப்புளம் எழும்பும். எது பிழைக்கும், எது கருகும் என்ற எல்லைக்கோடு விழ வாரக்கணக்கில் ஆகும். முதல் இரவில் ‘ஃப்ராஸ்ட்பைட்’ என்று மட்டும் எழுதிய டாக்டர் சோம்பேறி இல்லை, தெரியாததைத் தெரிந்ததாக எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் மூன்றாம் வாரத்தில், கோடு விழுந்த பிறகு, அதே சொல்லை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதுதான் பிரச்சினை. அந்த நேரத்தில் ஒருவர் கேட்டால் போதும். கேட்கும் வேலை எங்களுடையது. அந்தக் கேள்வியைத்தான் ‘பயன் குறைந்தது’ என்று ஒதுக்கியிருக்கிறீர்கள்.

பயன் என்னவென்று சொல்கிறேன். கடுமையான பனிக்கடிக்கு இப்போது மருந்து இருக்கிறது. ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைச் சூடேற்றிய 24 மணி நேரத்துக்குள் கொடுத்து விரல்களைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஐலோப்ரோஸ்ட் ஊசி மருந்துக்கு, பெரியவர்களின் கடுமையான பனிக்கடியில் விரல் துண்டிப்பு அபாயத்தைக் குறைப்பதற்காகவே, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. நாளை ஒருவர் உட்கார்ந்து, ஆழமான பனிக்கடியோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த மருந்து கிடைத்தது, எத்தனை பேர் விரலோடு வீடு போனார்கள் என்று தேடினால், டி34 என்று போட்டுத்தான் தேடுவார். நாம் டி33-இல் புதைத்தவர்கள் அந்தத் தேடலில் வரவே மாட்டார்கள்.

இனி உங்கள் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். வெளிக்காரணக் குறியீட்டுக்குத் தேசிய அளவில் கட்டாயம் இல்லை என்று மின்னஞ்சலில் வழிகாட்டியைச் சுட்டியிருக்கிறீர்கள். உண்மைதான், 20ஆம் அத்தியாயத்துக்கான வழிகாட்டியில் அப்படித்தான் இருக்கிறது. அதே பத்தியில் அதற்கு அடுத்து வருவதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மாநிலச் சட்டமோ பணம் தருபவரோ கட்டாயப்படுத்தாத இடத்திலும் தாமாக முன்வந்து பதியுங்கள், காய ஆய்வுக்கும் காயத் தடுப்பு முயற்சிகளை மதிப்பிடுவதற்கும் அது மதிப்புள்ள தரவு என்று வழிகாட்டி ஊக்கப்படுத்துகிறது. பாதியை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டினால் எந்த விதியும் நமக்குச் சாதகமாகத்தான் பேசும். இன்னொன்று, டி68-ஐத் திறந்து பாருங்கள். ஹைப்போதெர்மியா என்ற தலைப்புக்குக் கீழேயே, குளிர் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கூடுதல் குறியீடு சேர்க்கச் சொல்லிக் குறிப்பு இருக்கிறது: மனிதர் உண்டாக்கிய குளிர் என்றால் டபிள்யூ93, இயற்கைக் குளிர் என்றால் எக்ஸ்31. இது புத்தகம் சொல்வது. மின்னஞ்சலை எழுதியவர் அந்தப் பக்கத்தைத் திறந்தாரா என்று தெரியவில்லை.

இடம் போதாது என்பதும் காரணம் ஆகாது. மருத்துவமனைப் பில்லுக்கான யூபி-04 படிவத்தில் வெளிக்காரணத்துக்கென்றே 72ஆம் பெட்டி தனியாக இருக்கிறது. காலியாக அனுப்பத்தான் அதை வைத்தார்களா?

நேரம் பிடிக்கிறது என்கிறீர்கள். எக்ஸ்31-க்கு ஏழாம் இடத்தில், சிகிச்சை எந்தக் கட்டம் என்று சொல்லும் எழுத்து வேண்டும் என்பதற்காக நடுவில் மூன்று எக்ஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது, எக்ஸ்31.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஏ என்று. புதிதாக வரும் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அதைத் தட்ட ஐந்து விநாடி போதும். நேரம் பிடிப்பது தட்டச்சில் இல்லை, படிப்பதில். வெளிக்காரணம் வேண்டாம் என்றால் ஆம்புலன்ஸ் தாளைப் படிக்க வேண்டாம், சமூகப் பணியாளர் குறிப்பைத் திறக்க வேண்டாம். நீங்கள் மிச்சப்படுத்தச் சொல்வது அந்தப் படிப்பைத்தான்.

அந்தப் படிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் தவறையே உதாரணமாகச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஜனவரி மாதம். செப்சிஸ் நோயாளி ஒருவர், உடல் வெப்பம் 94 ஃபாரன்ஹீட், டாக்டர் ‘ஹைப்போதெர்மியா’ என்று எழுதியிருக்கிறார். மாதத்தைப் பார்த்தேன், வெப்பத்தைப் பார்த்தேன், டி68-உம் எக்ஸ்31-உம் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விட்டேன். அந்த மனிதர் ஒரு வாரமாகச் சூடான அறையில் படுக்கையிலேயே இருந்தவர். கிருமித் தொற்றால் உடல் குளிர்ந்திருக்கிறது. வெளிக்குளிருக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வெளிக்குளிரால் வராததற்கு ஆர்68.0 என்று தனி இடமே இருக்கிறது, மயக்க மருந்தால் வந்தால் டி88.51, பச்சைக் குழந்தைக்கு பி80. அன்று ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார். அவர் பெயரை எழுத முடியாது, நன்றி மட்டும் சொல்கிறேன். அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் கெடும். குளிரில் விறைத்தவர் விட்டுப்போவார், விறைக்காதவர் உள்ளே வருவார். எந்த அடைமொழியும் இல்லாத வெறும் ‘ஹைப்போதெர்மியா’வையும் புத்தகம் டி68-இல்தான் வைக்கிறது. பக்கத்தில் எக்ஸ்31 நின்றால் இது வெளிக்குளிர் என்று பிரித்துச் சொல்லலாம். அதையும் எடுத்துவிட்டால், வாகன நிறுத்துமிடத்தில் கிடந்தவரும் ஐசியு படுக்கையில் இருந்தவரும் ஒரே குறியீட்டில் கலந்துவிடுவார்கள். பிறகு எந்த மந்திரம் போட்டாலும் பிரிக்க முடியாது.

குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்பவர்களின் சார்ட்டும் அப்படித்தான். ‘ஃப்ரீசர் கிடங்கில் வேலை, ஷிப்ட் முடிந்ததும் விரல் மரத்தது’ என்று ஒரு வரி இருக்கும். உள்ளே ஆழ்குளிர் அறையில் நின்றாரா, அல்லது வெளியே திறந்த மேடையில் லாரியில் சரக்கு ஏற்றினாரா? முதலாவது டபிள்யூ93.2, இரண்டாவது எக்ஸ்31. இரண்டிலும் ஒய்99.0 சேர்ந்தால்தான் அது கூலிக்காகச் செய்த வேலையில் பட்ட காயம் என்று தெரியும். வேலைக்காய இழப்பீடு கேட்டு அவர் அலையும்போது, மருத்துவமனைப் பதிவில் இடமும் காரணமும் வேலையும் இருந்தால் அது அவருக்கு ஒரு சாட்சி. நாம் எதுவும் எழுதாமல் விட்டால் மரத்த விரலை மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன நிரூபிப்பார்?

என்னை அதிகம் படுத்தியது வேறொரு சார்ட். வயதான அம்மா, தனியாக இருந்தவர், சொந்த வீட்டுப் படுக்கையறையில் விறைத்துக் கிடந்தார். தெருவில் கிடக்கவில்லை, குடிக்கவில்லை, எங்கேயும் விழவில்லை. வீட்டுச் சூடேற்றி பல நாளாக ஓடவில்லை என்று சமூகப் பணியாளர் எழுதியிருந்தார். சமூகச் சூழல் குறியீடுகளை டாக்டர் அல்லாதவர்களின் குறிப்பிலிருந்தும் எடுக்கலாம், அதற்கு விதியில் இடமிருக்கிறது. வீட்டுக்குள் போதிய வெப்பம் இல்லாத நிலைக்கென்றே 2023 ஏப்ரல் 1 முதல் இசட்59.11 வந்திருக்கிறது. அதைப் போட்டேன், டி68, எக்ஸ்31, படுக்கையறைக்கு ஒய்92.013 எல்லாம் சேர்த்தேன். ஒன்பது ஆண்டில் ஒரு சார்ட்டை முடித்துவிட்டு, நடந்தது முழுதும் பதிவில் இருக்கிறது என்று நிம்மதியாக எழுந்த நாட்கள் குறைவு. அது அப்படி ஒரு நாள். உங்கள் புதிய உத்தரவுப்படி அந்தச் சார்ட் இன்று என் கைக்கு வந்தால் டி68 மட்டும் நிற்கும். வீட்டுக்குள் ஒரு கிழவி காரணமே இல்லாமல் குளிர்ந்துபோனாள் என்று அர்த்தம்.

கணக்குப் பார்வையிலும் பேசிவிடுகிறேன், அதுதான் உங்களுக்கு எடுபடும் என்றால். வீடற்ற நிலைக்கான இசட்59.00, இசட்59.01, இசட்59.02 மூன்றையும் 2024 நிதியாண்டிலிருந்து உள்நோயாளிக் கட்டணக் கணக்கில் சிசி நிலைக்கு, அதாவது தொகையைக் கூட்டக்கூடிய கூடுதல் நோய்நிலைக்கு, உயர்த்திவிட்டார்கள். 2025 நிதியாண்டில் வீட்டு வசதிக் குறைபாட்டுக் குறியீடுகளும் அந்த நிலைக்கு வந்தன. அதாவது ‘தொகை மாறாது’ என்று சொல்லிச் சொல்லியே நாம் படிக்காமல் விட்ட சமூகப் பணியாளர் குறிப்பு, உள்நோயாளிச் சார்ட்டுகளில் இப்போது தொகையை மாற்றக்கூடியது. ஆம்புலன்ஸ் தாளைத் திறக்காத கோடர் இசட்59.02-ஐ எங்கிருந்து கண்டுபிடிப்பார்? கூரையின்றித் தெருவில் தங்கியவர் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். பணத்துக்காகத்தான் அந்த மனிதரைப் பதிய வேண்டும் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உங்கள் உத்தரவு உங்கள் கணக்குக்கே உதவவில்லை.

ஏழாம் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஏ’ என்றால் முதல் வருகை என்று நம் குழுவிலேயே பாதிப் பேர் நினைக்கிறார்கள். பெயர் அப்படி இருக்கிறது, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காயத்துக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும்வரை ‘ஏ’தான், ஐந்தாம் வாரத்தில் விரலை எடுத்தாலும் சரி. ஆறும் கட்டத்தில் ‘டி’ (ஆங்கில D), பின்னால் வரும் குளிர் தாங்காத விரல், மரத்துப்போன பாதம் போன்ற நிரந்தர மிச்சங்களுக்கு ‘எஸ்’. சிகிச்சை நடக்கும் வரை காயக் குறியீட்டோடு எக்ஸ்31-உம் கூடவே வர வேண்டும், ஒய்92-உம் ஒய்99-உம் மட்டும் முதல் முறையோடு நின்றுவிடும். இதற்கு ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு கேட்டு இரண்டு ஆண்டாகிறது.

நீங்கள் ஒரு பதில் வைத்திருப்பீர்கள் என்று தெரியும்: இதையெல்லாம் அரசாங்கம் மரணச் சான்றிதழிலிருந்து எடுத்துக்கொள்கிறதே, நம்மிடமிருந்தா எடுக்கிறது? சரிதான். அமெரிக்க மரணச் சான்றிதழ்கள் 1999-லிருந்து ஐசிடி-10-இல் குறியிடப்படுகின்றன, அங்கே எக்ஸ்31 அடிப்படைக் காரணமாகவே நிற்கும். ஆனால் அது செத்தவர்களின் கணக்கு. பிழைத்தவர்களை, விரலை இழந்து வீடு திரும்பியவர்களை, அடுத்த குளிர்காலத்திலும் அதே நிறுத்துமிடத்தில் படுக்கப் போகிறவர்களை எண்ணுவது மருத்துவமனைப் பதிவுதான். ஓர் ஊரில் இரவுத் தங்குமிடத்தை எத்தனை டிகிரியில் திறப்பது, எந்தத் தெருவில் வைப்பது என்று முடிவு செய்ய உட்காருபவர்களுக்கு எத்தனை பேர் எங்கே விறைத்தார்கள் என்ற எண் வேண்டும். அந்த எண்ணை நாம்தான் கொடுக்கிறோம், கொடுக்காமலும் விடுகிறோம்.

ஆகவே கேட்கிறேன்.

அந்த மூன்று வரி மின்னஞ்சலைத் திரும்பப் பெறுங்கள். டி33, டி34, டி68, குளிரால் வரும் மற்ற பாதிப்புகளுக்கான டி69 எதைப் போட்டாலும், சார்ட்டில் காரணம் எழுதியிருக்கும்போது எக்ஸ்31 அல்லது டபிள்யூ93 இல்லாமல் கணக்கை மூடக் கூடாது என்று நம் உள்விதியில் சேருங்கள். டி69 என்றவுடன் ஈரத்தில் ஊறிப் புண்ணான பாதத்தை மறந்துவிடாதீர்கள், ஷூவைக் கழற்றவே முடியாத தெருவாசிகளின் சார்ட்டில் உறைந்த பாதத்தைவிட அது அடிக்கடி வருகிறது. இடமும் வேலை நிலையும் சார்ட்டில் இருந்தால் முதல் சிகிச்சையில் ஒய்92, ஒய்99 பதியப்பட வேண்டும்.

பனிக்கடியின் ஆழத்துக்கும், 35 செல்சியஸுக்குக் கீழே போன வெப்பத்துக்கும் அனுப்பும் குவெரிகளை டார்கெட் கணக்கிலிருந்து விலக்குங்கள், அவற்றுக்குப் பில்லை ஏழு நாள் நிறுத்த அனுமதி வாங்கித் தாருங்கள். குவெரிப் படிவத்தை நானே எழுதித் தருகிறேன். டாக்டரை ஒரு விடைக்குத் தள்ளாதபடி வெளிக்குளிர், தொற்று, மயக்க மருந்து, வேறு காரணம், தீர்மானிக்க இயலவில்லை என்று எல்லா வாய்ப்பும் அதில் இருக்கும். விதிமுறைக்கு உட்பட்டதா என்று உங்கள் ஆடிட்டர்களே சரிபார்க்கட்டும்.

நாம் வேலை செய்யும் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு நவம்பருக்கு முன் ஒரே ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். அளந்த வெப்பமும் அளந்த இடமும், எந்தப் பக்கம் எந்த விரல், திசு செத்ததா இல்லையா, குளிர் எங்கிருந்து வந்தது. இவ்வளவை டாக்டர் எழுதினால் எங்கள் குவெரிகளில் பாதி தேவைப்படாது. பின்வருகைகளில் ஆழத்தைப் புதுப்பித்து எழுதச் சொல்லவும் வேண்டும்.

கடைசியாக, போன இரண்டு குளிர்காலங்களின் கணக்குகளில் டி33-உம் கால்விரல் துண்டிப்புக்கான 0ஒய்6 வரிசையும் சேர்ந்து நிற்பவற்றை ஒரு ரிப்போர்ட்டாக எடுத்துத் தாருங்கள். சிஸ்டத்தில் அரை மணி நேர வேலை. எத்தனை வரும் என்று எனக்குத் தெரியாது, ஒன்று நிச்சயம் வரும். அவற்றை மறுபடி படித்து, குவெரி தேவைப்படுவதற்கு அனுப்பி, திருத்த முடிவதைத் திருத்த நான் சனிக்கிழமைகளில் வருகிறேன், கூடுதல் சம்பளம் வேண்டாம். என் பெயரில் இருக்கும் அந்த எர்ரரை நீக்கவும் கேட்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

புதிய குறியீட்டு ஆண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். அதுவரை, இயற்கைக் குளிர்தான் காரணம் என்று சார்ட் சொல்லும் ஒவ்வொரு டி68-க்கும் எக்ஸ்31 போட்டுக்கொண்டுதான் இருப்பேன். எர்ரர் என்று குறிப்பதானால், எந்த விதியை மீறினேன் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோடர் ஒருத்தி